பூளவாடிப் பாட்டும் நம் காலத்துப் படமும்

படம் பார்ப்பது பாவம் என்று ஒரு காலத்தில் பெரியவர்கள் கண்டித்தார்கள். படம் பார்ப்பது வீண்வேலை என்று இன்று படித்தவர்களில் சிலர் பழிக்கிறார்கள். இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டே, வாரத்தில் ஆறு நாள் இயந்திரத்தோடு இயந்திரமாக நின்ற தொழிலாளி, ஏழாம் நாள் கொட்டகைக்குப் போகிறான். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிறவன், கட்டிங் மேசையில் கால்கடுக்க நிற்கிறவன், செக்கிங் பிரிவில் கண் பூத்துப்போன தோழி, விசைத்தறிப் பட்டறையின் இரைச்சலில் காது மரத்துப்போனவன், கொமரலிங்கத்து வயலில் களையெடுத்த கையோடு வந்தவள் என எல்லோரும் அங்கே ஒன்றாக உட்காருகிறார்கள்.

அது பாவமுமல்ல, வீண்வேலையுமல்ல. வியர்வை சிந்திச் சம்பாதித்த காசைக் கொடுத்து அவர்கள் வாங்கிய நேரம் அது. வாங்கிய பொருளை எடைபோட்டுப் பார்க்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டல்லவா? சந்தையில் கத்தரிக்காயைக்கூட அழுத்திப் பார்த்து வாங்குகிறோம். படத்தை மட்டும் ஏன் எடைபோடாமல் விழுங்க வேண்டும்?

எடைபோட ஒரு தராசு வேண்டுமே என்பீர்கள். வேண்டியதுதான். அதைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை, தோழர்களே. நம் உடுமலை மண்ணிலே பிறந்து, பள்ளிப் படிப்பை நான்காம் வகுப்போடு முடித்துக்கொண்டு, பாமரனும் முணுமுணுக்கும் பாட்டுகளைத் தமிழ்ப் படவுலகுக்கு வாரி வழங்கிவிட்டுப் போனாரே உடுமலை நாராயணகவி, அவருடைய வாழ்க்கைதான் அந்தத் தராசு. பழைய படமாயினும் புதிய படமாயினும், படப்பித்தன் ஒருவன் அந்தத் தராசில் ஏற்றிப் பார்த்தால் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இங்கே சொல்லப்போகிறேன்.

தீப்பெட்டி விற்ற சிறுவன்

1899ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், உடுமலைப்பேட்டை வட்டாரத்துப் பூளவாடியில் நாராயணசாமி பிறந்தார். தந்தை கிருஷ்ணசாமி, தாய் முத்தம்மாள். பெற்றோரை இளமையிலேயே இழந்தார். வறுமை அவரைப் பள்ளியிலிருந்து பிடித்து இழுத்துத் தெருவில் நிறுத்தியது. தீப்பெட்டி விற்றுச் சில்லறைக் காசு பார்த்த சிறுவன் அவர். ஒத்த வயதுப் பிள்ளைகள் பலகையில் எழுதிப் பழகிய நேரத்தில், அவர் ஊர் ஊராக நடந்து பழகினார்.

ஆனால் பள்ளிக்கூடம் மூடிய கதவை ஊர் மந்தை திறந்துவிட்டது. கொங்கு நாட்டுக் கிராமங்களில் அன்று ஒயில் கும்மி உண்டு, தப்பாட்டம் உண்டு, புரவியாட்டம் உண்டு, விடிய விடிய நடக்கும் நாடகம் உண்டு. அமராவதிப் பாசனத்தில் நாற்று நடுகிறவள் பாடினாள், ஏற்றம் இறைக்கிறவன் பாடினான், வண்டியோட்டி பாடினான். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் எதுகையும் மோனையும் தவறாமல் பாடினார்கள். அந்தப் பாட்டுகள்தாம் சிறுவன் நாராயணசாமிக்கு முதல் பாடநூல். யாப்பிலக்கணத்தைக் கற்பதற்கு முன்பே அவருக்கு மக்களின் மூச்சளவு தெரிந்துவிட்டது. எந்தச் சொல் உழைக்கிறவன் வாயில் எளிதாக உட்காரும், எந்தச் சொல் தொண்டையில் முள்ளாகக் குத்தும் என்பதை அவர் ஏட்டில் படிக்கவில்லை, கேட்டுக் கேட்டே அறிந்தார்.

ஊர் நாடகத்தில் வேடம் கட்டிய இளைஞனைக் கண்டு அழைத்துச் சென்றவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். ஆசிரியரோடு ஊர் ஊராகச் சென்று நாடகத் தொழிலின் நெளிவு சுளிவுகளைக் கற்றார். பிறகு மதுரைப் பக்கம் போய், தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியராக விளங்கிய சங்கரதாஸ் சுவாமிகளிடமும் பயின்றார். நாராயணசாமி நாராயணகவியானார்.

அந்நாளில் நாடகத்துக்குப் பாட்டெழுதுவது என்பது மேசையும் நாற்காலியும் போட்டு நடந்த வேலையல்ல. ஆர்மோனியக்காரர் மெட்டை வாசிப்பார். நடிகர் எதிரே நிற்பார். கதையில் இந்த இடத்தில் இந்தக் கருத்து வேண்டும் என்பார் வாத்தியார். அங்கேயே, அப்போதே சொல் விழ வேண்டும். இரவு மேடையேறினால் தரை மகாசபை உடனே தீர்ப்புச் சொல்லிவிடும். கைதட்டல் வந்தால் பாட்டு பிழைத்தது, கொட்டாவி வந்தால் பாட்டு செத்தது. இரவு தோறும் நடந்த இந்தத் தேர்வில் தேறி வந்தவர் நம் கவிராயர்.

கதரும் கடனும்

விடுதலைப் போராட்டத்தின் அலை பூளவாடியையும் தொட்டது. கவிராயர் கதர் கட்டினார், நாட்டுப் பாட்டுகளை எழுதிப் பாடினார், கதர்க்கடையும் வைத்தார். கடைக்கு லாபம் பார்க்கும் கண் வேண்டும். கவிஞருக்கோ கேட்டவனுக்குக் கடன் கொடுக்கும் கை இருந்தது. கடை கடனில் முடிந்தது. கடனைத் தீர்க்கவும் குடும்பத்தைக் காக்கவும் மறுபடியும் நாடகம், இசைத்தட்டு என்று அலைந்தார்.

பனியன் தொழிலில் சிறு கம்பெனி வைத்துப் பார்த்து, ஒரு பருவம் சரியில்லாமல் போய், இயந்திரத்தை விற்றுவிட்டு மீண்டும் கூலிக்கு நிற்கும் தோழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. கடன்பட்டவனின் இரவு எப்படியிருக்கும் என்பதைக் கவிராயர் கற்பனை செய்து எழுதவில்லை, பட்டு எழுதினார்.

இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தவரை 1930களில் பேசும்படம் அழைத்துக்கொண்டது. 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தபின் தமிழ்ப் படம் வாய் திறந்துவிட்டது. திறந்த வாயில் பெரும்பாலும் பாட்டாகவே இருந்தது! ஒரு படத்தில் நாற்பது பாட்டு, ஐம்பது பாட்டு என்று கணக்கு. புராணக் கதை, இராஜா ராணி கதை, அவற்றுக்கேற்ற வடசொல் நிறைந்த கீர்த்தனைகள். கொட்டகையின் மணல் தரையில் உட்கார்ந்திருந்தவனுக்கு இராகம் இனித்தது, பொருள் எட்டவில்லை.

அந்த இடத்தில்தான் நாராயணகவி நுழைந்தார். மந்தையில் கற்ற மொழியைப் படத்துக்குள் கொண்டுவந்தார். கும்மி மெட்டு வந்தது, தெம்மாங்கு வந்தது, காலட்சேபப் பாணி வந்தது, கேள்வியும் பதிலுமாக வாதாடும் தர்க்கப் பாட்டு வந்தது. பாட்டுப் புத்தகத்தை வாங்கிப் படிக்கத் தெரியாதவனும் ஒருமுறை கேட்டாலே பாடிக்கொண்டு போகும் பாட்டு வந்தது.

கலைவாணரோடு கைகோத்து

கவிராயருக்குக் கிடைத்த பெருந்துணை என்.எஸ். கிருஷ்ணன். 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, வறுமையில் வளர்ந்து, நாடகத்திலிருந்து படத்துக்கு வந்த கலைவாணர், கவிராயரைத் தமக்கு ஆசானாகவே மதித்தார். ஒருவர் தெற்கத்திச் சீமை, மற்றவர் கொங்கு மண். ஒருவருக்கு முகமே சிரிப்பு, மற்றவருக்குப் பேனா முனையில் சிரிப்பு. இருவரும் சேர்ந்தபோது மூடநம்பிக்கைக்குத் தூக்கம் போயிற்று.

அந்நாளைய வழக்கம் ஒன்றை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கலைவாணரின் நகைச்சுவைப் பகுதிகள் பல, முதன்மைக் கதையோடு ஒட்டாமல் தனியாகவே எழுதிப் படமாக்கப்பட்டு, பிறகு படத்தில் சேர்க்கப்பட்டன. கதை இராஜாவின் அரண்மனையில் நடக்கும். இடையிலே கலைவாணரும் டி.ஏ. மதுரமும் வந்து நம் தெருவைக் காட்டுவார்கள். ஒட்டுப்போட்ட துணி என்று அதைக் குறைகூறுகிறவர்கள் உண்டு. என் கருத்து வேறு. அரண்மனைக் கதை மறந்து எத்தனையோ காலமாயிற்று, அந்த ஒட்டுத்துணிதான் இன்னும் சாயம் போகாமல் இருக்கிறது.

1949இல் அண்ணாவின் கதை வசனத்தில் ‘நல்லதம்பி’ வந்தது. அமெரிக்கப் படம் ஒன்றின் கருவைத் தழுவி எழுந்தாலும், மதுவிலக்கை வலியுறுத்தி நம் நாட்டுப் படமாகவே நின்றது. நந்தனார் கதையின் அமைப்பை எடுத்துக்கொண்டு, கிந்தனார் என்னும் சிறுவன் கல்வி கற்று உயர்வதாகக் கலைவாணர் நிகழ்த்திய காலட்சேபம் அதிலே இடம்பெற்றது. நந்தன் தீயில் இறங்க வேண்டியிருந்தது. கிந்தனுக்குப் பள்ளிக்கூடம் போதுமானதாக இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கண்ணீர்விட்ட ஒரு கதையைக் கேலியும் பாட்டுமாகத் திருப்பிப் போட்டு, நெருப்புக்குப் பதில் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்களே, அது எவ்வளவு பெரிய காரியம்! மக்கள் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற நினைப்பு உள்ளே புகுந்துவிட்டது.

அதே ஆண்டில் வெளிவந்தது ‘வேலைக்காரி’. அண்ணாவின் நாடகத்தை ஜுபிடர் நிறுவனம் ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கத்தில் படமாக்கியது. கே.ஆர். இராமசாமி ஆனந்தனாக நடித்தார். பாட்டு நம் கவிராயர். படப்பித்தன் என்ற முறையில் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: இன்று அந்தப் படத்தைப் பார்க்கும் இளைஞனுக்குச் சில இடங்கள் நாடகம் பார்ப்பதுபோல் தோன்றும். கேமரா நின்ற இடத்தில் நிற்கும், பாத்திரங்கள் நீளப் பேசுவார்கள். ஆனால் கடன்பட்டவன் தூக்கில் தொங்குவதும், வட்டி வாங்கியவன் கௌரவத்தோடு உலாவுவதும், ஏழை வீட்டு மகன் கோயிலில் நின்று காளியைக் கேள்வி கேட்பதும் திரையில் வந்தபோது, தமிழ்நாட்டுக் கொட்டகையில் ஒரு புதுக்காற்று வீசியது. அந்தக் காற்றின் குளிர்ச்சி இன்னும் போகவில்லை.

காக்கையும் சம்பளத் தேதியும்

1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’யைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் நீதிமன்றக் காட்சியைத்தான் பேசுவார்கள். கலைஞரின் வசனத்தைச் சிவாஜி கணேசன் முழங்கிய அந்தக் காட்சியை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. நானும் அதை மறுக்கவில்லை. ஆயினும் என் தராசில் அந்தக் காட்சிக்கு ஒரு குன்றிமணி கூடுதலாக நிற்பது, சி.எஸ். ஜெயராமன் குரலில் வரும் காக்கைப் பாட்டு. எழுதியவர் நாராயணகவி.

எல்லாவற்றையும் இழந்து, பசியால் வாடி, பைத்தியக்காரன்போல் திரிகிற ஒருவன் காக்கைகளைப் பார்க்கிறான். கிடைத்ததை மறைத்துத் தின்னாமல் தன் இனத்தைக் கூவி அழைக்கும் பறவையைக் கண்டு, மனிதக் கூட்டத்தின் தன்னலத்தை எண்ணிச் சிரிக்கிறான். நீதிமன்றக் காட்சியில் நாம் வியந்து வாய்பிளந்து நிற்கிறோம். இந்தப் பாட்டிலோ நாமே பாடகனாகிவிடுகிறோம். வசனத்தை முழங்கச் சிவாஜி வேண்டும். பாட்டைப் பாட நீங்களும் நானும் போதும். நண்பகல் மணி அடித்ததும் தூக்குப்போசியைத் திறந்து பக்கத்து மேசைக்காரனோடு சோறு பங்கிட்டுக்கொள்ளும் தோழனுக்கு அந்தப் பாட்டின் பொருளை யாராவது விளக்க வேண்டுமா?

அதற்கு அடுத்தபடியாக என் மனத்தில் நிற்பது 1955இல் வந்த ‘முதல் தேதி’. அதிலே கலைவாணர் பாடும் சம்பளப் பாட்டும் கவிராயருடையதே. சம்பளம் வாங்கிய கையோடு மாதத்தின் முற்பகுதி எப்படிப் பறந்து போகிறது, கடைசிப் பத்து நாள் எப்படி ஊர்ந்து போகிறது என்பதைக் கேலியாக எடுத்து வைப்பார். மாதச் சம்பளக்காரனின் பொருளாதாரம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது. திருப்பூரில் நமக்குச் சனிக்கிழமைச் சம்பளம். மாதத்துக்கு ஒருமுறை பாட வேண்டியதை நாம் வாரத்துக்கு ஒருமுறை பாடுகிறோம், அவ்வளவுதான் வேற்றுமை! சனிக்கிழமை இரவு பையில் கனம், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை, செவ்வாய்க்கிழமை கைமாற்று. இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டு, ஏன் இப்படி என்ற கேள்வியை மட்டும் நம் தலைக்குள் விட்டுவிட்டுப் போனார் அந்த மனிதர்.

இங்கே நின்று கவனியுங்கள். கவிராயர் எவனையும் திட்டவில்லை, சாபமிடவில்லை. அதிகாரத்தையும் மூடத்தனத்தையும் பார்த்துச் சிரித்தார், நம்மையும் சிரிக்க வைத்தார். அஞ்சிக்கிடந்தவன் முதலில் சிரிக்கப் பழக வேண்டும். எவனைப் பார்த்துச் சிரிக்க முடிகிறதோ அவன்மீது அச்சம் இருக்காது. பெரியாரோடும் தன்மான இயக்கத்தோடும் கொண்ட நெருக்கம் கவிராயரின் கருத்துக்குக் கூர்மை தந்தது. பூளவாடி மந்தை அந்தக் கூர்மைக்குச் சிரிப்பு என்னும் உறையைத் தந்தது. பகுத்தறிவுக் கவிராயர் என்று நாடு அவரை அழைத்தது அதனால்தான்.

குறையும் சொல்ல வேண்டும்

நம்மவர் என்பதற்காகக் குறையை மறைத்தால் அது தராசாகாது. 1953இல் வந்த ‘தேவதாஸ்’ தமிழ்ப் படத்துக்கும் கவிராயர் பாட்டெழுதினார். கண்டசாலாவின் குரலில் அந்தச் சோகம் இன்றும் நெஞ்சைப் பிழிகிறது. ஆனால் அந்த அழகிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. காதலில் தோற்றவன் குடித்து அழிவதைக் காவியமாக்கிய படம் அது. அதன்பின் வந்த எத்தனை நாயகர்கள் துன்பம் வந்ததும் புட்டியைத் தேடினார்கள்! மதுவை எதிர்த்த ‘நல்லதம்பி’யோடு சேர்ந்திருந்த அதே பேனா, குடிகாரனின் ஏக்கத்துக்கும் மெருகேற்றியது. கேட்டால் தொழில் என்பார்கள். சனிக்கிழமைச் சம்பளம் வீடு சேருமுன் மதுக்கடை வாசலில் கரைவதைக் கண்ணால் காணும் நான் அதை எளிதாக விட்டுவிட முடியவில்லை.

1954இல் வந்த ‘தூக்குத் தூக்கி’யும் அப்படித்தான். மனிதன் குரங்கினத்திலிருந்து வந்தவன் என்ற அறிவியல் கருத்தைக் காதலர் வாதப் பாட்டில் வைத்த துணிச்சல் அந்தப் படத்துக்கு உண்டு. ஆனால் படத்தின் கதையோ பெண்ணை நம்பாதே என்னும் பழைய பல்லவியின்மேல் கட்டப்பட்டது. பாதிச் சம்பாத்தியத்தைப் பெண்களே கொண்டுவரும் வீடுகள் நிறைந்த நம் பகுதியில் இன்று அந்தப் படத்தைப் பார்க்கும்போது, பாட்டை ரசித்துக்கொண்டே கதையோடு சண்டைபோட வேண்டியிருக்கிறது. அந்தக் காலப் படங்கள் எல்லாமே தங்கம் என்று சொல்லித் திரியும் பழமைப் பித்து எனக்கில்லை. பதர் அன்றும் இருந்தது.

இன்றைய படங்கள்

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்றைய படமெல்லாம் குப்பை என்று ஒதுக்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். பாட்டாளியின் வாழ்வை இத்தனை நெருக்கமாகக் காட்டும் படங்கள் முன்பு வந்ததில்லை என்றே சொல்வேன்.

2010இல் வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’வைத் தந்தார். துணிக்கடையில் நாள் முழுவதும் நின்றே வேலைசெய்யும் பிள்ளைகளின் கால்களைத் தமிழ்ப் படம் அப்போதுதான் பார்த்தது. 2018இல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. அதன் முடிவில் இரண்டு தேநீர்க் கோப்பைகளும் அவற்றுக்கு நடுவே ஒரு பூவும் திரையில் நிற்கும். ஒரு சொல் இல்லை. ஆனால் சாதியைப் பற்றி ஒரு மாநாடு பேச வேண்டியதை அந்தக் காட்சி பேசிவிடுகிறது. பழைய படங்கள் நாவால் செய்ததை இன்றைய படம் கண்ணால் செய்கிறது. இது வளர்ச்சி.

அதே 2018இல் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ வந்தது. ஒரு துண்டு நிலத்துக்காக ஆயுள் முழுவதும் மலையில் சுமை தூக்கிய ரங்கசாமி, கடைசியில் தன் கைவிட்டுப்போன நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவல்காரனாக உட்காருகிறான். உடுமலைச் சாலையில் போகும்போது காற்றாலைகள் வரிசையாகச் சுழல்வதைக் காணும் கொமரலிங்கத்துத் தோழனே, அந்தப் படத்தை நீ பார்க்கவில்லையென்றால் இன்றே பார். உன் ஊர்க் காட்சி உனக்கு வேறாகத் தெரியும்.

2021இல் வந்த ‘ஜெய் பீம்’ காவல் நிலையத்தில் மாண்ட இருளர் தொழிலாளியின் வழக்கைக் காட்டியது. 2024இல் வந்த ‘வாழை’, வாழைத்தார் சுமக்கும் பிள்ளைகளின் பிடரியைக் காட்டியது. கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருக்கிறது, அதற்கு எவ்வளவு பெரிய விலை கொடுக்க நேர்கிறது என்பதைத் தொழிற்சங்கத் தோழர்கள் அந்தப் படத்தில் பார்க்கலாம்.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். இந்த நல்ல படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது நெஞ்சு கனக்கிறது, கண் கலங்குகிறது, முட்டி இறுகுகிறது. ஆனால் உதடு அசைவதில்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒரு பாட்டு இல்லை. பாட்டே இல்லையென்று சொல்லவில்லை. மனத்தை உருக்கும் பாட்டுகள் உண்டு. ஆனால் அடுத்த நாள் காலை இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு, மேஸ்திரி முகத்தைப் பார்த்துக்கொண்டே, உள்ளுக்குள் சிரித்தபடி முணுமுணுக்கும் கேலிப் பாட்டு எங்கே? அழவைக்கத் தெரிந்த இயக்குநர்கள் வந்துவிட்டார்கள், ஆத்திரமூட்டத் தெரிந்தவர்களும் வந்துவிட்டார்கள். சிரிக்க வைத்து விலங்கை உடைக்கும் கலையை மட்டும் கவிராயரோடு புதைத்துவிட்டோமோ என்று ஐயம் வருகிறது.

மற்றொரு புறத்தில் பெரும் பணம் போட்டு எடுக்கும் நட்சத்திரப் படங்கள். ‘விக்ரம்’ (2022), ‘ஜெயிலர்’ (2023), ‘லியோ’ (2023) என்று திருவிழாபோல வந்தன. தொழில் திறமைக்குக் குறைவில்லை. ஒளி, ஒலி, வேகம் எல்லாம் உண்டு. ஆனால் துப்பாக்கி ஓய்ந்தால் கத்தி, கத்தி ஓய்ந்தால் துப்பாக்கி. 2025இல் ‘கூலி’ என்றே ஒரு படம் வந்தது. பெயரைக் கேட்டதும் நம்மைப் பற்றியது என்று மனம் துள்ளியது. பார்த்தபின், பெயரில் இருந்த கூலி படத்தின் வெடிச்சத்தத்தில் கரைந்துபோனது என்பதே என் கருத்து. இத்தகைய படங்களில் நாயகன் ஒருவனே ஆயிரம் பேரை அடித்துத் தீர்த்துவிடுகிறான். ஆயிரம் பேர் சேர்ந்து ஒன்றைச் சாதிப்பதை அங்கே காணோம். சங்கம் வைத்துப் பழகிய நமக்கு அது பொய் என்று தெரிய வேண்டாமா?

நம்பிக்கைக்கு ஒரு படம் இருக்கிறது. 2021இல் நேரடியாகத் தொலைக்காட்சிக்கு வந்த ‘மண்டேலா’. மடோன் அஸ்வின் இயக்கம், யோகி பாபு நடிப்பு. ஊரில் பெயர்கூட இல்லாமல் ஏவப்பட்ட முடிதிருத்தும் தொழிலாளிக்கு ஒரு வாக்குச்சீட்டு வருகிறது. இரண்டு சாதியும் சரிசமமாக நிற்கும் தேர்தலில் அவன் ஒரு வாக்கே ஊரின் தலையெழுத்தாகிறது. ஏவியவர்கள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கிறார்கள். விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்தபின் யோசித்தோம். கலைவாணரும் கவிராயரும் இருந்திருந்தால் அந்தக் கதைக்கு ஒரு காலட்சேபம் கட்டியிருப்பார்கள்! அவர்கள் நட்ட விதை முற்றிலும் பட்டுப்போகவில்லை என்பதற்கு அந்தப் படம் சான்று.

விட்டுச் சென்றது

1957 ஆகஸ்ட் 30ஆம் நாள் கலைவாணர் மறைந்தார். கவிராயரின் பாட்டுக்கு உருவம் கொடுத்த முகம் போயிற்று. ஆனாலும் அவர் திறந்த பாதையில் பலர் நடந்தார்கள். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் உழைப்பாளியின் உரிமையைப் பாட்டாக்கி, 1959இல் இருபத்தொன்பது வயதிலேயே மறைந்தார். மருதகாசி உழவனின் பெருமையைப் பாடினார். பாமரன் மொழியில் பெருங்கருத்தைச் சொல்லலாம், அதைப் படமுதலாளியும் ஏற்றுக்கொள்வான் என்று முதலில் நிறுவிக் காட்டியவர்களுள் முன்நின்றவர் நாராயணகவி.

1981 மே 23ஆம் நாள் கவிராயர் கண்மூடினார். 2008இல் அஞ்சல்துறை அவர் உருவத்தைத் தலையாகப் பொறித்து வெளியிட்டது. உடுமலையில் அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. நன்று. ஆனால் அவர் எழுதிய பாட்டைப் பாடுகிறவர்களில் பத்துக்கு ஒருவருக்காவது அவர் பெயர் தெரியுமா? பாட்டு நடிகன் பெயரில் நிற்கிறது, பாடகன் பெயரில் நிற்கிறது, எழுதியவன் பெயர் உதிர்ந்துவிடுகிறது. பனியனில் கம்பெனி முத்திரை இருக்கும், தைத்தவள் பெயர் இருக்காது. அந்தக் கணக்கு நமக்குத் தெரிந்ததுதானே!

இன்று கொட்டகையும் மாறிவிட்டது. மணல் குவித்து உட்கார்ந்த டூரிங் டாக்கீஸ்கள் மறைந்தன. பாட்டுப் புத்தகம் விற்ற பையன்கள் இல்லை. கம்பெனி வேனில் ஏறியதும் ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு படம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பீகார்த் தோழன் போஜ்புரிப் பாட்டுக் கேட்கிறான், ஒடியத் தோழன் ஒடியப் படம் பார்க்கிறான். மொழி வேறு. சனிக்கிழமைச் சம்பளம் செவ்வாயன்று தீர்ந்துபோகும் துன்பம் ஒன்று. முன்பு ஐந்நூறு பேர் ஒன்றாகச் சிரித்தார்கள், இன்று ஐந்நூறு பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். சேர்ந்து சிரிக்கிற கூட்டம்தான் சேர்ந்து கேட்கவும் துணியும் என்பதை மறந்துவிடக்கூடாது.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் படிப்பகங்களில் மாதம் ஒருமுறை ஒரு படத்தைச் சேர்ந்து பாருங்கள். ஒரு மாதம் ‘நல்லதம்பி’, மறுமாதம் ‘மண்டேலா’. ஒரு மாதம் ‘பராசக்தி’, மறுமாதம் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. தோழியரையும் அழையுங்கள், வடநாட்டுத் தோழர்களையும் அழையுங்கள். படம் முடிந்ததும் எழுந்து போய்விடாமல் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். இதில் நம் வாழ்க்கை இருந்ததா? நம்மை மதித்ததா, மயக்கியதா? வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஏதாவது கொடுத்ததா? நட்சத்திரத்தின் புகழ்பாடாமல் நெஞ்சறிந்த தீர்ப்பைச் சொல்லுங்கள். எதிர்க்கருத்து வந்தால் கேளுங்கள். என் கருத்தோடும் சண்டை போடுங்கள், மகிழ்வேன்.

உங்கள் நடுவே பாட்டுக்கட்டத் தெரிந்த பையனோ பெண்ணோ இருந்தால், கேலி செய்து விரட்டாதீர்கள். தீப்பெட்டி விற்ற சிறுவனுக்கு ஊர் மந்தை இடம் கொடுத்தது, அதனால் தமிழ்நாட்டுக்கு ஒரு கவிராயர் கிடைத்தார். ஓவர்லாக் மேசையருகே துண்டுத்துணியில் பேனாவால் கிறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நாம் இடம் கொடுப்போம். மேஸ்திரியைப் பார்த்துச் சிரிக்கவைக்கும் அடுத்த பாட்டு அங்கிருந்து வரட்டும்!